கேட்டவன் கடன்

ரசிகனுடைய ஞாபகத்தை எந்தக் கோர்ட்டிலும் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. முப்பது வருஷத்துக்கு முன் கேட்ட ஒரு கச்சேரியைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தால், அன்று பாடிய பாட்டு ஒன்று மூன்றாகும்; கூட்டம் ஆயிரம் பத்தாயிரமாகும்; கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மேடைக்கு எதிரே நகர்ந்து வந்துவிடுவார். நாமும் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுகிறோம். மளிகைக் கடைக்காரர் சீட்டில் பத்து ரூபாய் கூட்டிப் போட்டால் சண்டைக்குப் போகிற நாம், இந்தப் பொய்க்கு மட்டும் ஏன் தலையாட்ட வேண்டும்? இது பொய்தானா, அல்லது வேறு ஏதாவது பெயர் இதற்கு உண்டா?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தாராபுரத்தில் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். பருத்தி ஜின்னிங் பாக்டரி ஒன்றில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். பொதி எடையில் கால் ராத்தல் இடித்தால்கூட வீட்டுக்குப் போகாமல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார் என்று சொல்வார்கள். என் பாட்டனாருடைய சிநேகிதர் என்ற முறையில் நான் அவரை ‘அப்பாரு’ என்று கூப்பிடுவேன். 1970-களில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட கதைகளில் பாதி, கிட்டப்பாவின் கதை. அத்தனை கண்டிப்பான மனுஷர், அந்தப் பெயரை எடுத்துவிட்டால் போதும், கணக்கு வழக்கெல்லாம் காற்றில் பறக்க விட்டுவிடுவார்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை இன்றைய வாசகர்களில் பலர் பெயராக மட்டுமே அறிந்திருப்பார்கள். 1906-இல் பிறந்து, சிறு பையனாக மேடையேறி, கன்னையா கம்பெனியில் பெயர் பெற்று, ஒலிபெருக்கி என்ற சாதனம் நாடகக் கொட்டகைக்கு வந்து சேராத அந்தக் காலத்தில் தம் தொண்டை ஒன்றையே நம்பி ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கட்டிப் போட்டவர். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1926-இல் இலங்கையில் அவரைச் சந்தித்தார். அதற்குப் பிறகு இருவரும் ஜோடியாக நடித்த நாடகங்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். இன்றைய இளைஞர்கள் ‘ராக்’ கச்சேரிக்கு ரயிலேறிப் போவதையும், விடிய விடிய நின்றுகொண்டே ஆடுவதையும், தொண்டை கட்டத் திரும்பி வருவதையும் பார்த்து, “இதென்ன பைத்தியம்!” என்று சொல்லும் பெரியவர்கள், தங்கள் தாத்தாக்களைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்திருக்கலாம்.

தாராபுரத்துக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே அப்பாரு நாடகம் பார்க்கப் போனது மாட்டு வண்டியில். எந்த ஊருக்கு? அதுதான் சிக்கல். ஒரு நாள் கரூர் என்பார். இன்னொரு நாள் ஈரோடு என்பார். வண்டியில் பூட்டிய காங்கேயம் காளைகள் ஒரு தரம் மயிலை, மறு தரம் செவலை. வள்ளி திருமணம் என்று ஆரம்பித்த கதை முடிகிறபோது கோவலனாக மாறியிருக்கும். ரசிகர்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்ட தடவை மூன்றிலிருந்து ஏழு வரைக்கும் ஏறி இறங்கும். ஒரு நாள் நான் துணிந்து, “ஏனுங்க அப்பாரு, போன வாரம் கரூர்னு சொன்னீங்களே?” என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஊரு எதுவா இருந்தா என்ன கண்ணு, ராத்திரி ஒண்ணுதானே” என்றார்.

சிறு வயதில் இந்தப் பதிலை மழுப்பல் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. அவர் பல நாடகங்கள் பார்த்திருக்க வேண்டும். பல இரவுகளை ஒன்றாக உருக்கி, ஒரே ராத்திரியாக வார்த்து வைத்துக்கொண்டார். பிறரை ஏமாற்றி எதையாவது அடைவதற்காகச் சொல்வதுதான் பொய் என்றால், இது பொய்யில்லை; இதனால் அவருக்கு ஒரு வெற்றிலைகூட லாபமில்லை. ஆனாலும் உண்மையென்றும் சொல்வதற்கில்லை. ‘ராத்திரி ஒண்ணு’ என்பதற்கு ஆதாரம் அவர் மனசைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

ஆதாரம் இருந்தால் மட்டும் தகராறு தீர்ந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. 1966-ஆம் வருஷம் மே 17-ந் தேதி இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் பாப் டிலன் பாடினார். தனிக் கித்தாரோடு நாட்டுப்பாடல் பாடிப் புகழ் பெற்றவர், மின்சாரக் கித்தார் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ராக் சங்கீதத்தில் இறங்கியிருந்த சமயம். பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் சபையிலிருந்து ஒருவன், ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரைச் சொல்லி, “யூதாஸ்!” என்று கத்தினான். ஒலிநாடாவில் அது துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. இருந்தும் அந்த நாடா வெகுகாலம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரிலேயே கைமாறிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பாருவின் கரூர் ஈரோடு ஆன மாதிரிதான். கத்தியவன் நானே என்று பின்னால் உரிமை கொண்டாடியவர்களும் ஒருவருக்கு மேல். ஒலிநாடா கத்தலைப் பிடித்து வைத்தது. கத்தியவனைப் பிடித்து வைக்கவில்லை. கத்திவிட்டு அவன் வீட்டுக்குப் போய்த் தூங்கினானா, தூக்கம் வராமல் புரண்டானா என்பதை எந்த யந்திரம் பதிவு செய்யும்?

அப்பாருவின் கதையில் ஊர் மாறும், மாடு மாறும், நாடகம் மாறும் என்றேன். மாறாத அம்சம் ஒன்று உண்டு. கடைசி ‘ஒன்ஸ்மோர்’ அவருடையது. கூட்டம் ஓய்ந்துவிட்டது, அடுத்த காட்சிக்குப் படுதா விழ வேண்டும், அப்போது அவர் மட்டும் தரை டிக்கெட்டில் எழுந்து நின்று, தலைத்துண்டைச் சுழற்றி, அந்த வார்த்தையைக் கத்தினார். உடனே கொட்டகை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. மேடையில் நின்றவர் ஒரு கணம் ஹார்மோனியத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் பாடினார். “அந்தப் பார்வை இருக்குதே கண்ணு…” என்று ஆரம்பித்து, எல்லாத் தடவையும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். கிட்டப்பாவுக்கு ஹார்மோனியம் வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர் என்பது நாடக உலகம் அறிந்த விஷயம். தம்பி அண்ணனைப் பார்த்ததில் என்ன இருந்தது? களைப்பா, சிரிப்பா, வெறும் சுருதிக்காகத் திரும்பினதா? அறுபது எழுபது அடிக்கு அப்பால், காஸ் லைட் வெளிச்சத்தில், ஒரு இளைஞன் அதில் எதைக் கண்டிருக்க முடியும்? ஆனாலும் அவர் கண்டார். அல்லது பின்னால் கண்டுகொண்டார்.

1933-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

தமிழில் காதால் வாங்குவதற்கும் வாய் திறந்து யாசிப்பதற்கும் ஒரே வார்த்தைதான். பாட்டைக் கேட்டான் என்கிறோம். பணம் கேட்டான் என்கிறோம். கேட்பவன் கேட்கிறவனாகவும் இருக்கிறான் என்பதில் தப்பில்லை. சபை இல்லாமல் பாட்டு ஏது? ஆனால் எந்த இடத்தில் முதல் கேட்பது ஓய்ந்து இரண்டாவது கேட்பது மட்டும் மிஞ்சுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1965 ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் நால்வரும் பாடியபோது ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் போட்ட கூச்சலில் பாட்டு ஒருவர் காதிலும் சரியாக விழவில்லை. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த பெண்கள் இன்று பாட்டிமார்களாகி, தங்கள் வாழ்நாளிலேயே சிறந்த கச்சேரி அதுதான் என்று சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் ஞாபகம் வைத்திருப்பது எதை? தங்கள் கூச்சலைத்தான். இதில் பரிகாசத்துக்கு இடமில்லை. தன் குரல் ஐம்பதாயிரம் குரலோடு கலந்து கரைகிற அனுபவம் ஒரு மனுஷ ஜன்மத்தில் எத்தனை தடவை கிடைக்கும்? ஆனால் அடுத்த வருஷமே, 1966 ஆகஸ்டு 29-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பாடியதோடு, அந்த நால்வரும் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை விட்டுவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ரசிகர்களின் அன்பிலிருந்து தப்பிப் போக அவர்களுக்கு ஓர் அறை இருந்தது.

கிட்டப்பாவுக்கு அப்படி ஓர் அறை இல்லை. அவர் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை நிமிஷம் பாடலாம். அதை வைத்துக்கொண்டு மேடையை விட்டுவிட முடியாது. ஸ்பெஷல் நாடகம் என்பது விசித்திரமான ஏற்பாடு. பல இடத்து நடிகர்களை ஒரு ராத்திரிக்கு மட்டும் காண்டிராக்டர் பேசி அழைத்துக்கொண்டு வருவார். ஒத்திகை கிடையாது; சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பாடம். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்றைக்குத்தான் மேடையில் எதிரும் புதிருமாக நின்று தர்க்கம் பண்ணுவார்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவுகிற வரையில். மறுநாள் வேறு ஊர், வேறு கொட்டகை, ஜனங்கள் மட்டும் அதே பசியோடு. அங்கே வந்திருப்பவனுக்கு நேற்று ராத்திரி இந்தத் தொண்டை ஏழு ‘ஒன்ஸ்மோர்’ பாடியது தெரியாது. தெரிந்தாலும் அவனுக்கு அதில் என்ன வந்தது? அவன் டிக்கெட் வாங்கியது இன்றைக்கு அல்லவா?

கிட்டப்பா இறந்த சேதி வந்த அன்று பாக்டரியில் பேரேட்டை மூடி வைத்துவிட்டு அப்பாரு வெளியே வந்து நின்றாராம். இதை எனக்குச் சொன்னபோது அவருக்கு எழுபது வயதை நெருங்கியிருக்கும். “நாங்களும் அதுல ஒரு கை போட்டமுங் கண்ணு” என்றார். நான், “ஆயிரம் பேர் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தானுங்களா?” என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்னும் தாண்ட முடியவில்லை. “ஆயிரம் ரூவா கடனை ஆயிரம் பேரு சேந்து வாங்குனா, எம் பேருல ஒரு ரூவா எழுதோணுமா வேண்டாமா? நீயே சொல்லு.”

எழுத வேண்டாம் என்பதற்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. ஒரு மனுஷர் இளமையில் இறந்தால் அதற்கு வியாதி காரணம். பழக்க வழக்கங்கள் காரணம். ஓய்வில்லாமல் தேதி ஒப்புக்கொண்டது காரணம். ஒப்புக்கொள்ள வைத்தவர்களின் பேராசை காரணம். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவனைக் கொலைகாரன் என்பது நாடக வசனம். இன்னொரு நியாயம் இதைவிடப் பலமானது. ‘ஒன்ஸ்மோர்’ கேட்டதால் பாடகர் வருத்தப்பட்டார் என்று நாம் எப்படி முடிவு கட்டலாம்? ஒரு கலைஞனுக்கு அந்த வார்த்தையைப் போல் இனிப்பானது வேறு உண்டா? அவரை வாய் செத்த பலியாடாக்கி நாம் கண்ணீர் விடுவது அவருடைய வீரத்துக்கே அவமரியாதை. பாடினார், பாட முடிந்தது, பாட ஆசைப்பட்டார். அவ்வளவுதான் என்று ஒருவர் வாதிக்கலாம். நானும் பல நாள் அப்படித்தான் எனக்குள் வாதித்துக்கொண்டேன்.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. எதிராளிக்கும் இஷ்டம்தான் என்பதால் நம் பேரில் எழுத வேண்டிய தொகை குறையலாமே தவிர, அழிந்துவிடாது. விருந்துக்கு வந்தவன் இலையில் மேலும் மேலும் கேட்டு வாங்கும்போது, பரிமாறுகிறவளுக்கு அதில் சந்தோஷம் இருக்கலாம். அடுப்படியில் அவளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று அவன் ஒரு தரம் எட்டிப் பார்த்தானா என்பது தனிக் கேள்வி. அப்பாரு எட்டிப் பார்க்கவில்லை. அதைத்தான் அவர் எழுதிக்கொண்டார். கொலை செய்தேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு ரூபாய், அவ்வளவே. கணக்குப்பிள்ளைக்குக் கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. ஊரையும் மாட்டையும் மாற்றிச் சொன்ன அதே மனுஷர் இந்த ஒரு ரூபாயை மட்டும் மாற்றவேயில்லை என்பதைப் பார்க்கும்போது, ரசிகனுடைய ஞாபகத்தில் எது பொய், எது மெய் என்று நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி சற்று வேறு மாதிரித் தோன்றுகிறது. விவரம் எல்லாம் அவருக்குக் கைப்பிடி மண். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உதிரட்டும் என்று விட்டுவிட்டார். பொறுப்பை மட்டும் உதிர விடவில்லை.

கடனை ஒப்புக்கொண்டது சரி. அதை அவர் அடைத்த விதத்தில் எனக்குச் சம்மதமில்லை. கிட்டப்பா போன பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தி மேடையை விட்டே ஒதுங்கினார். பிறகு திரும்பி வந்தார்; ஆனால் ஆண் நடிகர் எவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதத்தோடு வந்தார். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே ஆண் வேஷம் கட்டினார். அதற்கு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அந்த நாளில் ஊரெல்லாம் வாயைப் பிளந்த செய்தி. 1953-இல் ‘ஔவையார்’ வந்தது. நடுவில் காங்கிரஸ் மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அவர் பாடாத ஊர் இல்லை. அப்பாரு அந்தக் கச்சேரிகளுக்கெல்லாம் போனார். போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அந்த அம்மா பாடறப்ப மட்டும் நான் வாயத் தொறக்க மாட்டேன். கையும் தட்ட மாட்டேன்” என்பார். அவர் மனசில் அது பிராயச்சித்தம். ஆனால் மேடையில் நின்று, கணீரென்ற குரலில் தம் வாழ்க்கையையே எடுத்து வைத்த அந்த அம்மையாருக்கு, எதிரே கைகட்டி உம்மென்று உட்கார்ந்திருந்த ஒருவரால் என்ன பிரயோஜனம்? கிட்டப்பாவிடம் பட்ட கடனைச் சுந்தராம்பாளுக்குக் கொடுக்க வேண்டிய கைதட்டலிலிருந்து பிடித்துக்கொள்வது எந்தக் கணக்கு முறை? இதை நான் அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு வயசு போதவில்லை.

இந்தக் காலத்துக் கச்சேரிகளில் இந்தத் தொல்லைகள் இல்லை என்று நினைக்கலாம். தொண்டையைக் காப்பாற்ற யந்திரங்கள் வந்துவிட்டன. ராக் கச்சேரிகளில் கடைசியில் ரசிகர்கள் கத்திக் கூப்பிட்டு வாங்குகிற பாட்டுகள்கூடப் பெரும்பாலும் முன்கூட்டியே திட்டம் போட்டு ஒதுக்கி வைத்தவைதான். வாத்தியக்காரர்கள் உள்ளே போவது திரும்பி வருவதற்காகவே. கோயமுத்தூரில் கொடிசியா மைதானத்தில் சினிமாச் சங்கீத நிகழ்ச்சி என்றால் தாராபுரத்திலிருந்து கார் பேசிக்கொண்டு போகிற பிள்ளைகள் ஆளுக்கொரு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கரூரா ஈரோடா என்ற சந்தேகம் இனி எந்தப் பேரனுக்கும் வராது. போனே தேதியும் இடமும் எழுதி வைத்துவிடுகிறது.

ஆனாலும் ‘நான் கேட்டதைக் கொடு’ என்கிற குரல் அடங்கிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ஏ. ஆர். ரஹ்மான் நடத்திய ‘நேற்று இன்று நாளை’ நிகழ்ச்சியில் தமிழ்ப் பாட்டுகள் அதிகமாகிவிட்டன என்று இந்திப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களில் சிலர் பாதியில் எழுந்து போய், பணத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை பிடித்தார்கள். தலைப்பே தமிழில் இருந்ததை அவர்கள் கவனித்தார்களோ என்னவோ! டிக்கெட் வாங்கியதால் பாடகருடைய தாய்மொழியும் தங்களுக்கு அடமானம் என்று நினைத்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் 10-ந் தேதி சென்னையில் அவருடைய ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் நடந்ததோ நேர் எதிர். டிக்கெட் வைத்திருந்தவர்களே பலர் நெரிசலில் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்று திரும்பினார்கள். அவர்களுக்குக் கடன்பட்டவர்கள் மேடைப் பக்கத்தில் இருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாக ரஹ்மான் சொன்னார். ஆகவே கடன் எப்போதும் ஒரே பக்கம் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் பாடுகிறவர் படுகிற கடனைக் கேட்கக் கோர்ட்டு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, ஆயிரம் வாய் இருக்கிறது. கேட்கிறவன் படுகிற கடனைக் கேட்க ஒருவரும் வருவதில்லை. அவனே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அப்பாரு உயிரோடு இருந்த நாளில் யாரோ ஒருவர் வீட்டில் அதைப் போட்டபோது, பாதியில் எழுந்து வந்துவிட்டார்; “இது அவரு இல்லை” என்றார். நான் அப்படி எழுந்து வர மாட்டேன். அந்தக் குரல் மேலே ஏறி, நிற்கிற இடத்தில் அசையாமல் நின்று, அங்கிருந்து உதிர்கிற வேகத்தைக் கேட்டால் தொண்ணூறு வருஷத் தூசிக்கு அடியிலும் உடம்பு சிலிர்க்கிறது. இருந்தாலும் அவர் சொன்னதில் ஒரு விஷயம் உண்டு. அந்தத் தட்டில் கொட்டகை இல்லை. மூடிய அறையில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, யாரும் எழுந்து துண்டைச் சுழற்ற முடியாத இடத்தில் பாடிய பாட்டு அது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஊசி உரசுகிற சத்தம் மட்டும் வருகிறது.